வேணாம்னு சொன்னா கூப்பிடுவான்

ஹலோ… ஹலோ, யாரு?… அமலனா? சத்தமாப் பேசுப்பா. பஸ்ஸு போற சத்தந்தான் கேக்குது… ரோட்டோரப் போன் பூத்துல இருந்தா? எதுக்குலே ரோட்டுல நின்னு பேசுற? ஒன் வீட்டுப் போன் என்னாச்சு?…

செத்துப்போச்சா.

…இல்ல, இருக்கேன். கேக்குது. எப்பருந்து?… காலையில இருந்தா. ம்… மூணு வாரமா நெட்டு வல்ல, இப்பப் போனும் போச்சு. ம்…

பேசுனேன், பேசுனேன். திங்கக்கெழமையே பேசிட்டேன். நீ வேலைக்குப் போற நேரந்தான் அந்த லைன் கம்பெனி ஆபீஸு தொறந்திருக்கும்னு சொன்னேல்ல, அதான் நானே இங்கருந்து இங்கிலாந்துக்குப் போட்டேன்… காசு கெடக்குது, விடு. முப்பது வருசம் இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவன், ஒரு இங்கிலீஷ்காரன்ட்டப் பேச மாட்டேனா?…

மொதல்ல காத்திருக்கச் சொல்லிப் பாட்டு. பெறகு ஒரு பொம்பள. அவ எங்க வேல இல்லன்னு இன்னொருத்தன்ட்டத் தள்ளிவிட்டா. திரும்பப் பாட்டு. ஒனக்கும் அப்பிடித்தானா?… அதேதான். காதே புண்ணாப்போச்சு.

…ஆமா, ஒங் கணக்குதான். 'மிஸ்டர் ராயப்பராஜ்?'னு கேட்டான். எஸ்ஸுன்னேன். அதுல என்ன பொய்யி? ஒம் பேருக்குப் பின்னால எம் பேருதான ஒட்டிக்கிட்டு நிக்குது. பொறந்த தேதி கேட்டான், ஒன்னோடதச் சொன்னேன்…

எல்லாம் சொன்னேன்ப்பா, நீ பேசுற மாதிரியே. 'எங்கம்மாவுக்குத் தொண்டையில ஆப்பரேசன். பேச்சு போயிருச்சு. சனிக்கெழமைக்குச் சனிக்கெழம பிரவுசிங் சென்டர்ல கேமரா முன்னால சிலேட்ட நீட்டித்தான் எங்கிட்டப் பேசுறா. ஒங்க லைன்தான் அவ குரல்'ன்னேன். நல்லா அமைஞ்சுச்சு அந்த வாக்கியம். மொத நாளே எழுதி வச்சிருந்தேன்…

அவனா? 'ஸாரி டு ஹியர் தட்'ன்னான். பாட்டப் போட்டுட்டுப் போயிட்டான்…

பெறகு லைனுக்கு வந்தான், வந்தான். சரி பண்றேன்னுட்டான். ஆமா, ஆமா… என்ன சத்தமா? ஒண்ணுமில்ல, அம்மா சிலேட்டத் தட்றா… சாப்டியான்னு கேக்குறா.

…அதான்ப்பா எழுதிருக்கா. நான் எங்க மாத்திச் சொன்னேன்? இதான் ஒங்க ரெண்டு பேருக்கும். அவ எழுதுறத நான் மாத்தி வாசிக்கிறேன்னுதான கேமராவே வேணும்னு ஒத்தக் கால்ல நின்னீக… ஏ, சும்மா தட்டாத ஆனந்தம், உடஞ்சிரும்…

…

'பொய்'னு எழுதிருக்கா.

…தெரியலப்பா, எத வச்சு எழுதிருக்கான்னு. இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் பேசயில பக்கத்துல நின்னா. எம் மூஞ்சி தெரியும் இவளுக்கு…

இரு. சொல்றேன். கத்தாத, ரோட்டுல நிக்கிற… சொல்றேன்ல.

நம்ம பஸ்டாண்டுல சிறுமல வாழப்பழம் வாங்கயில கடக்காரன் ஒரு வெல சொல்லுவான். வேணாம்யான்னு ரெண்டு எட்டு நடப்போம். 'சார், சார், வாங்க சார், நீங்க குடுக்குறதக் குடுங்க'ன்னு கூப்புடுவான்ல? கூப்புடாம எவனாச்சும் விட்டிருக்கானா?… பழத்துக்கும் இதுக்கும் என்னவா? கேளு.

லைனச் சரி பண்ற ஆளு வர இன்னும் ஒரு மாசம் ஆகும்னான். எனக்குக் கோவம் வந்துருச்சு. அப்ப ஒங்க லைனே வேணாம்னுட்டேன். எல்லாத்தையும் கேன்சல் பண்ணுங்கன்னேன்… இல்லப்பா, உண்மையா இல்ல. சும்மா. ரெண்டு எட்டு நடக்குற மாதிரி. 'சார், சார், இருங்க சார்'ம்பான்னு பாத்தேன்.

அவன் கூப்பிடலப்பா. 'சர்ட்டன்லி, சார்'ன்னுட்டான்.

…

ஆமா. அதுலதான் ஒன் வீட்டுப் போனும் போயிருக்கும்.

…திரும்பக் கேக்க விடலப்பா. மளமளன்னு என்னமோ வாசிச்சான். வாயில கொழுக்கட்டைய அடக்கிக்கிட்டுப் பேசுற மாதிரி. ஒரு எழுத்துப் புரியல. எஸ்ஸுன்னேன். இன்னொண்ணு வாசிச்சான். எஸ், எஸ்ஸுன்னேன்… 'பார்டன்'னு ரெண்டு தடவ கேட்டேன். மூணாவது தடவ எப்பிடிப்பா கேக்குறது? என் வகுப்புல மூணாவது தடவ கேட்டவன நான் பெஞ்சு மேல ஏத்திருக்கேன்… கடைசியில தேங்க்யூ சொன்னான். நானும் சொன்னேன்.

…சொல்லிருக்கணும். ஒனக்கு அன்னைக்கே போன் போட்டிருக்கணும். டயல் பண்ணப் போனேன். வச்சிட்டேன்.

அதவிட ஒண்ணு இருக்கு. கேளு… இல்ல, நானே சொல்லிர்றேன், பெறகு அம்மா எழுதித்தான் தெரியணும்னு இருக்கக் கூடாது. எல்லாம் சரியாயிருச்சுன்னு இவகிட்டச் சொல்லிட்டேன். பிரவுசிங் சென்டர் பக்ருதீன் பாய்ட்டயும் சொல்லிட்டேன். வெள்ளக்காரன ஒரு பிடி பிடிச்சேன் பாய்னு. அவரு கடையில இருந்த பயலுகள்ட்டயெல்லாம், 'எங்க சார் பேசுன பேச்சுல லண்டனே ஆடிப்போச்சு'ன்னு சொல்லிக்கிட்டிருக்காரு.

நேத்து சனிக்கெழம. இவ மாம்பழக் கலரு பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா. தடுக்க எனக்கு வாய் வல்ல. கேமரா முன்னாடி சிலேட்ட மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்துட்டா. ஒரு மணி நேரம். பொட்டியில ஒண்ணும் வல்ல. பாய் டீ வாங்கியாந்து குடுத்து, 'அங்குட்டு லைன் வந்துருச்சுன்னீகளே, சார்'னாரு. தம்பிக்கு டூட்டி போலன்னேன்.

…ஆமா. தெரிஞ்சே பக்கத்துல ஒக்காந்திருந்தேன்.

…

அமலா?… திட்டு. திட்டிரு, பரவால்ல…

போன் கார்டு முடியப் போவுதா? எம்புட்டு இருக்கு?… சரி, சரி. புதுசா வேற கம்பெனியில எழுதிக் குடுத்தா எம்புட்டு நாளாகும்?… ஒரு மாசமா. சேசுவே… செய்யி. நீயே பேசு, நான் இனிப் பேசல…

அம்மாட்டயா? இந்தா குடுக்குறேன். ஆனந்தம், இந்தா… வாங்க மாட்டேங்குறா. எழுதுறா. வச்சிராத, செத்த நேரம் இரு. சின்னப் பலப்பம், மெதுவாத்தான் எழுதுவா…

வாசிக்கிறேன். மாத்தாம வாசிக்கிறேன், சத்தியமா.

'எனக்குத் திங்கக்கெழமையே தெரியும்.'

…ஏ, ஆனந்தம்.

…இருக்கேன்ப்பா. அழிச்சிட்டுத் திரும்ப எழுதுறா. எடம் பத்தல. இரு…

'வராதுன்னு தெரிஞ்சுதான் போய் ஒக்காந்தேன். பாய் முன்னால…' வாசிக்கிறேன்ப்பா, வாசிக்கிறேன்… 'பாய் முன்னால அப்பா தல குனியக் கூடாது.'

…அம்புட்டுதான் எழுதிருக்கா.

அமலா?… ஹலோ… ஏலே, அப்பு…

கட்டாயிருச்சு, ஆனந்தம்.

…

இரு. செத்த நேரம் அத அழிக்காத.