பயணத்துக்குத் தகுதியில்லன்னு ஒரு சீட்டு

இல்லீங்க டாக்டர், காய்ச்சல் கிடையாது. சளியும் இல்ல. பிரஷர் பாருங்க, வேணாங்கல, ஆனா அதுவும் சரியாத்தான் இருக்கும். நான் நல்லாத்தான் இருக்கேன், அதான் பிரச்சனையே. இந்த ஃபாரத்துல கடைசியில பாருங்க, பயணத்துக்குத் தகுதி, தகுதியில்லன்னு ரெண்டு கட்டம் இருக்கு. காலையிலேருந்து எங்க கூட்டத்துல பதினோரு பேருக்கு, தகுதிங்கற கட்டத்துல டிக் போட்டு அனுப்பிட்டீங்க. எனக்கு மட்டும் தகுதியில்லங்கறதுல போட்டுக் குடுத்துடுங்க. அவ்ளோதான்.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் கேக்கறேன்.

எங்க வழக்கமான டாக்டர்கிட்ட வாயத் தொறந்திருக்கவே முடியாது. அவரும் எங்கம்மாவும் வியாழக்கிழமையானா சேந்து சீட்டாடறவங்க. அவர் லீவுல போறாரு, ரெண்டு வாரத்துக்கு வேற ஒரு லேடி டாக்டர் வர்றாங்கன்னு கேட்டதும் எனக்கு உயிரே வந்துச்சு. உங்களுக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாது பாருங்க. அதுதான் எனக்கு வேணும்.

எங்க போறோமா? போஸ்டர் பாக்கலையா நீங்க? மருந்துக் கடை, ரொட்டிக் கடை, தபாலாபீஸ், எல்லா எடத்துலயும் ஒட்டியிருக்காங்களே. ருமேனியாவுக்கு. பத்து நாள். அங்க ஒரு அநாதைப் பிள்ளைங்க இல்லம் இருக்கு, நம்ம பங்குக் கோவில்லேருந்து வருஷா வருஷம் ஜூலையில சேவை செய்யன்னு போவாங்க. போஸ்டர்ல மொட்டத் தலையோட ஒரு பொண்ணு முழிச்சுக்கிட்டு நிக்கும். அது நான்தான். பத்து வயசு. பேன் இருக்குன்னு மழிச்சுவிட்ட மறுநாள் எடுத்தது. அங்கிருந்து வந்த வியோலா அங்கேயே திரும்புகிறாள்னு கீழ கொட்டை எழுத்துல போட்டிருக்கும்.

ஆமாங்க, அங்கதான் வளந்தேன். ஓர்னெல்லா அம்மாவும் ஜான்னி அப்பாவும் என்னத் தத்தெடுத்து இங்க கூட்டியாந்து பத்தொன்பது வருஷம் ஆச்சு. அங்க என் பேரு வியோரிக்கா. கூப்பிட லேசா இருக்கட்டும்னு இங்க வியோலா ஆக்கிட்டாங்க. இப்ப சர்ச் முனையில லேடீஸ் சலூன் இருக்கில்ல, அங்க முடி வெட்டறேன்.

இத்தன வருஷமா எப்படியோ நழுவிட்டேன். ஒரு வருஷம் பரீட்சைன்னேன், ஒரு வருஷம் கடையில ஆளில்லன்னேன். அப்பா படுக்கையில கிடந்த வருஷம் காரணமே தேவப்படல. இந்த வருஷம் மாட்டிக்கிட்டேன். போற கூட்டத்துக்கு மொழிபெயர்க்கறதுக்கு ரோதிக்காக்கான்னு ஒரு ருமேனியாக்காரங்க இருந்தாங்க, இங்க ஒரு பாட்டியப் பாத்துக்கற வேலைக்கு வந்தவங்க. மாடிப்படியில விழுந்து காலொடிஞ்சு போச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பங்குச் சாமியார் ஃப்ளாவியோ மைக்கப் பிடிச்சு, கடவுள் நம்மளக் கைவிடல, நம்ம வியோலா கூட வர்றாங்கன்னுட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கோவிலே கை தட்டுது. முன்வரிசையிலேருந்து அம்மா திரும்பி என்னப் பாக்கறாங்க, கண்ணெல்லாம் தண்ணி. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிங்க மாட்டேன்னு சொல்ல?

சொல்லிப் பாக்காம இல்ல. பாஷை மறந்துபோச்சுன்னேன். மறுநாளே ரோதிக்காக்கா கட்டுப் போட்ட காலோட டாக்சி பிடிச்சு வீட்டுக்கு வந்து, தெனம் ஒரு மணி நேரம் பேசிப் பழகலாம் வாடின்னுட்டாங்க. கடையில லீவு தரமாட்டாங்கன்னேன். முதலாளியம்மா கேக்கு வெட்டி வழியனுப்பு விழாவே வச்சுட்டாங்க. கடைசியா அடையாள அட்டையத் தொலைச்சுட்டேன்னேன். நானேதான் ஆத்துல போட்டேன், உங்ககிட்ட மறைப்பானேன். முனிசிபாலிட்டியில இருக்கறது அம்மாவோட சிநேகிதி. ரெண்டு நாள்ல புதுசு வந்துருச்சு, போட்டோ கூட முன்னதவிட நல்லா இருக்கு. ஒவ்வொரு கதவா நான் போய்ப் போய் நிக்கறேன், எனக்கு முன்னாடியே யாராவது அன்பா வந்து சாத்திட்டுப் போயிடறாங்க.

கெட்டவங்க இல்லீங்க யாரும். அதச் சொல்லிடறேன். புதன்கிழமைதோறும் தயாரிப்புக் கூட்டம் நடக்கும். எர்மெஸ்னு ஒரு பிளம்பர், அறுபது வயசு, மூச்சு வாங்க வாங்க பலூன ஊதி நாய்க்குட்டி செய்யக் கத்துக்கறாரு. நாலு கால் வரணும், மூணுதான் வருது. ஒரு டீச்சரம்மா வந்து வகுப்பெடுக்கறாங்க. பிள்ளைங்ககிட்ட திரும்பி வருவேன்னு வாக்குக் குடுக்காதீங்க, பாவம் அதுங்களுக்கு யாரும் இல்லைங்கறாங்க. எல்லாரும் நோட்டுல எழுதிக்கறாங்க. நானும் எழுதிக்கறேன்.

யாரும் இல்லையாம். எங்கள்ல பாதிப் பேருக்கு அம்மா இருந்தாங்க டாக்டர். சோறு போட வழியில்லாம கொண்டாந்து விட்டவங்க. பண்டிகைக்கு வந்து பாத்துட்டு, வாசல்லயே அழுதுட்டுப் போவாங்க.

ஜூலைக்கு நாங்களும்தான் தயாராவோம். ஒரு வாரம் முன்னாடியே தேச்சுக் குளிப்பாட்டுவாங்க, தலை மழிப்பாங்க. யார் மடியில உக்காந்தா முட்டாய் கிடைக்கும், எப்ப கழுத்தக் கட்டிக்கணும், எல்லாம் பெரிய பிள்ளைங்க சொல்லிக் குடுக்கும். வர்றவங்க செவுத்துக்குப் பெயிண்ட் அடிப்பாங்க. ஒரு வருஷம் மஞ்ச, அடுத்த வருஷம் நீலம். பதினோராவது நாள் பொம்மையெல்லாம் அலமாரியில வச்சுப் பூட்டிடுவாங்க. அப்புறம் அடுத்த ஜூலை வரைக்கும் செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

மனசு டாக்டரா? வேணாங்க. அது அழறதுக்குப் போற எடம், எனக்கு அழுக வரல. பழச நெனச்சு பயப்படறேன்னு பாக்கறீங்க. செவுரு என்னங்க செஞ்சிரும்? ஒரு ஆள நெனச்சுத்தான் பயம்.

சேச்சே, அடிச்சவங்க எல்லாம் இல்ல. அப்படி ஒருத்தன் இருந்தா நேராப் போய் மூஞ்சியில துப்பிட்டு வந்திருப்பேன்.

போன புதன்கிழமை எல்லாருக்கும் ஒரு தாள் குடுத்தாங்க. என்னைக்கு எங்க, யார்கிட்ட என்ன கேக்கணும், ஃபோன் நம்பர் எல்லாம் போட்டு. முதல் வரியில, யாஷ் விமான நிலையத்துக்கு வேன் கொண்டு வர்றவர் ஸாந்து, இல்லத்து டிரைவர்னு இருந்துச்சு. பக்கத்துல தபால்தலை அளவுக்கு ஒரு போட்டோ. அந்த நெத்தியப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. எங்கம்மா நெத்தி. பெத்த அம்மாவச் சொல்றேன்.

என் தம்பிங்க.

அப்பா வேற வேற, அதனால எங்க ரெண்டு பேருக்கும் குடும்பப் பேரும் வேற. அவன் பேப்பரெல்லாம் வேற ஊர்லேருந்து வந்தது. நாங்க ஒரு வயித்துப் பிள்ளைங்கன்னு இல்லத்துல ரெண்டு மூணு பேருக்குத்தான் தெரியும். அவன் சின்னப் பிள்ளைங்க கட்டடத்துல படுப்பான். நான் சாப்பாட்டு நேரத்துல ரொட்டிய சட்டைக் கைக்குள்ள சொருகிட்டுப் போய் ஜன்னல் வழியாக் குடுப்பேன்.

அங்க பத்து வயசாயிட்டா தத்துக் குடுக்கறதுக்கு முன்னாடி பிள்ளையவே ஜட்ஜு கேக்கணும்னு சட்டம். கோர்ட்டுக்குப் போற வழியில கார்ல வச்சு எங்க மேட்ரன் சொன்னாங்க. இந்தா பாரு, தம்பி இருக்கான்னு மட்டும் சொல்லிடாத. அவன் பேப்பரெல்லாம் சரிபண்ண ரெண்டு வருஷம் ஆகும், பிரிக்க மாட்டோம்னு உன்னையும் நிறுத்திடுவாங்க, ரெண்டு பேரும் இங்கயே கெடந்து மக்கிப் போவீங்க, ஒருத்தியாச்சும் தப்பிச்சுப் போன்னாங்க. அந்தம்மா நல்லதுக்குத்தான் சொன்னாங்கன்னு இப்பவும் நெனைக்கறேன்.

ஜட்ஜும் ஒரு பொம்பளதான். கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு, கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா கண்ணுன்னு கேட்டாங்க. யாரும் இல்லன்னேன். அவங்களுக்கு என்ன தோணுச்சோ, இன்னொரு தடவ கேட்டாங்க. இல்லன்னேன்.

கெளம்பற அன்னைக்கு அவன்கிட்ட, பல்லு பிடுங்கப் போறேன், சாயந்தரம் வந்துருவேன்னு சொன்னேன். ஆறு வயசு அவனுக்கு. சரிக்கான்னான்.

தண்ணி வேணாங்க. பரவால்ல. சரி, குடுங்க.

முந்தாநேத்து அவன்கிட்டேருந்து மெசேஜ் வந்துச்சு. போஸ்டர அங்கயும் அனுப்பியிருக்காங்க. என் நம்பரும்தான் அந்தத் தாள்ல இருக்கே. திட்டி எழுதியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். வேன் கழுவி வச்சிருக்கேன்கா, உங்கம்மாவும் வர்றாங்களாமே, நான் யாருன்னு அவங்ககிட்ட சொல்லலாமா கூடாதா, நீ சொல்றபடி செய்யறேன்னு எழுதியிருக்கான். நான் படிச்சுட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். இன்னும் பதில் போடல.

பத்து வயசுல செஞ்சது தப்பே இல்லன்னு நீங்க சொல்வீங்கன்னு தெரியும். அம்மா புரிஞ்சுக்குவாங்கன்னும் சொல்வீங்க. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன், என்னைக்காவது ஒரு நாள் சொல்லிக்கலாம், எங்க போயிடப் போறாங்கன்னு. அப்பா தவறிப்போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி வரைக்கும்.

அன்னைக்கு அவருக்கு சூப் ஊட்டிக்கிட்டிருந்தேன். திடீர்னு அவரா ஆரம்பிக்கறாரு. வியோலா, உனக்குத் தெரியாது, நாங்க ரெண்டு பிள்ளைங்களுக்குத்தான் எழுதிக் குடுத்தோம், கூடப் பொறந்ததுங்க இருந்தா பிரிக்காதீங்க, சேத்தே அனுப்புங்க, ரெண்டு வருஷமானாலும் காத்திருக்கோம்னு. ரெண்டு கட்டில் வாங்கிப் போட்டிருந்தோம் உன் ரூம்ல. நீ கோர்ட்ல யாரும் இல்லன்னு சொன்னப்புறம் ஒண்ணக் கழட்டிப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டோம், அம்மா அன்னைக்கு முழுக்க ஒரு மாதிரியாவே இருந்தாங்கன்னாரு.

அப்படியாப்பான்னேன். ஆறிடும், குடிங்கன்னேன்.

இதத்தாங்க நான் அம்மாகிட்ட சொல்லணும்.

ஃபாரத்துல எழுதறீங்களா? இருங்க, ஒரு நிமிஷம். நான் போகலன்னாலும் அம்மா போறாங்க. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு அவன் வேன்லதான் ஏறணும். அவன் பாட்டுக்கு வாய மூடிக்கிட்டு வண்டி ஓட்டுவான், நான் பதில் போடலல்ல. அவங்க பின்னாடி சீட்ல உக்காந்துக்கிட்டு, தம்பி உனக்கு அக்கா தங்கச்சி உண்டாப்பான்னு கேப்பாங்க. கேக்காம இருக்க மாட்டாங்க, எல்லார்கிட்டயும் கேப்பாங்க.

கதவத் தட்டறது அம்மாதான். அவங்கதான் கார்ல கூட்டியாந்தாங்க, இவ்ளோ நேரம் நான் என்ன பண்றேன்னு பாக்க வந்திருப்பாங்க. நீங்க எழுந்திரிக்காதீங்க, நான் தொறக்கறேன். அந்த நாற்காலிய மட்டும் கொஞ்சம் இப்படி இழுத்துப் போடுங்க டாக்டர். நின்னுக்கிட்டுக் கேக்கற விஷயமில்ல இது.