கேள்வி நேரம் முடியும்வரை

வா நாகவல்லி, அங்கே வெயில் அடிக்கிறது. இப்படி என் பக்கத்தில் வந்து உட்கார். மோர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். புதுவயலிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்திருப்பாய், முகம் வாடிக் கிடக்கிறது. உனக்கு ஒரு கதை சொல்கிறேன். மேடையில் நான் சொல்லி நீ கேட்ட கதைகளைப் போல இதில் ராஜாவும் இல்லை, பாட்டும் இல்லை. டெல்லியில் ஒரு சபை கூடுகிறது, பேசுகிறது, கலைகிறது. அவ்வளவுதான். ஆனால் நீ கேட்க வந்தது அதற்குள் இருக்கிறது. குறுக்கே பேசாமல் கேள். சபையிலும் அதுதான் விதி. அங்கே யாரும் கடைப்பிடிப்பதில்லை.

அரிசி மில்லில் பாய்லர் வெடித்த அன்றைக்குக் காலையில் உன் புருஷன் மலையாண்டி எஸ்.டி.டி. பூத்திலிருந்து யாரிடம் பேசினான் என்று கேட்கிறாய். பூத்துக்காரி கண்ணம்மை இப்போதுதான் உன்னிடம் வாய் திறந்திருக்கிறாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிப் பேசினானாம், பிறகு மில்லுக்கே திரும்பிப் போனானாம். விசாரணை அதிகாரி எழுதி வைத்தது வேறு. பாய்லர் சூடேறுவது தெரிந்தும் தீயை வெளியே இழுத்துப் போட்டு அணைக்காமல் விட்டான், அவன் அசட்டையால் அவனோடு இரண்டு பெண்களும் செத்தார்கள் என்று முடித்துவிட்டார். அதில் ஒருத்தியான புஷ்பவள்ளியின் வீட்டார் குழாயடியில் உன்னைக் கண்டால் பாதிக் குடத்தோடு எழுந்து போகிறார்கள். உன் மகள் சத்தியப்பிரியாவைப் பள்ளிக்கூடத்தில் கொலைகாரன் மகள் என்கிறார்கள். யாரோ சொல்லித்தான் அவர் உள்ளே போயிருக்கணும், அது யாருன்னு ஊருக்குத் தெரிஞ்சாப் போதும்மா என்று வாசலில் நின்று சொன்னாயே, நியாயமான பேச்சு. நியாயமான பேச்சுக்கு நான் எப்போதும் காது கொடுப்பேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். இந்த அருளம்மாள் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பேச்சு தானாக வந்தது. தலைவர்கள் வரத் தாமதமானால் கூட்டம் கலையாமல் இருக்க என்னை மேடை ஏற்றுவார்கள். நான் கதை சொல்வேன், ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நன்றிக்குக் கட்சி என்னை மாநிலங்களவைக்கு அனுப்பியது. அங்கே போய் நெடுநாள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வாய்ப்பு வரவில்லை என்பதை யாரிடம் சொல்வது? அந்த நேரம் பார்த்து டிவியில் கேள்வி நேரத்தை நேரடியாகக் காட்டத் தொடங்கினார்கள். ஒரு வாரம் மக்களவை, மறு வாரம் நாங்கள். லீவுக்கு ஊர் வந்தால் காரைக்குடி டீக்கடையில் கேட்பார்கள்.

“என்னம்மா, டெல்லியில வாயத் தொறக்க முடியாத அளவுக்குக் குளிராக்கும்?”

“ஏப்பா, அம்மாவச் சும்மா சொல்லாத. நேத்து டிவியில அவுக முதுகு தெரிஞ்சிச்சு.”

நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது.

அந்தப் பொங்கலுக்குத்தான் மலையாண்டி என்னை மில்லுக்குள் கூட்டிப் போய்க் காட்டினான். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பாய்லர் அடுப்புக்குள் உமியைத் தள்ளித் தள்ளி அவன் புருவம் கருகி இருந்தது. பாய்லர் உச்சியில் சேப்டி வால்வு என்று ஒன்று இருக்கிறது, நீராவி அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து ஊதிவிடும் என்றான். ஊதினால் நீராவி வீண், உமி வீண் என்று முதலாளி அதன்மேல் ஓர் இரும்புத் துண்டை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டச் சொல்லியிருந்தார். வீட்டில் குக்கர் விசில்மேல் அம்மிக்குழவியை வைத்தது போல. பாய்லர் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போய்ச் சொல்லப் போகிறேன் என்றான்.

நான்தான் வேண்டாம் என்றேன்.

காரணம் சொல்கிறேன், நீயே யோசித்துப் பார். அவன் போய்ச் சொன்னால் இன்ஸ்பெக்டர் வருவார், இரும்புத் துண்டை எடுப்பார், அத்தோடு ஒரு மில் சரியாகும். நான் சபையில் கேட்டால் நாட்டிலுள்ள மில் எல்லாம் சரியாகும். ஒன்று பெரிதா, எல்லாம் பெரிதா? அவனுக்கும் புரிந்தது. “நீங்க கேட்டா அது வேற மாதிரித்தேம்மா” என்றான். பொறுமையாக இரு என்று சொல்லிவிட்டுப் போய்க் கேள்வி எழுதிக் கொடுத்தேன். மந்திரியே எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்விக்கு நட்சத்திரம் போடுவார்கள். அதற்குக் குலுக்கல் உண்டு. மாதா புண்ணியத்தில் என் கேள்வி முதலிடத்தில் விழுந்தது. அதுவும் எங்கள் சபையை டிவியில் காட்டுகிற வாரத்தில்.

மாசிக் கடைசி. புதுவயல் மில் எல்லாம் புது நெல்லால் ரொம்பி ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது, உனக்குத் தெரியாததா. எந்த நாளில் என் கேள்வி வருகிறது என்று மலையாண்டிக்குச் சொல்லியனுப்பினேன். மில் ஆபீஸில் டிவி இருந்தது.

அந்த நாள் காலையில் எனக்கு ஒரு போன் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சபை.

பதினோரு மணிக்கு அவைத் தலைவர் உள்ளே நுழையும்போது எல்லோரும் எழுந்து கும்பிட வேண்டும். அன்றைக்கு முதலில் இரங்கல் தீர்மானம். எப்போதோ உறுப்பினராக இருந்த ஒருவர் வடக்கே எங்கோ காலமாகிவிட்டார். அவரை எனக்குத் தெரியாது, பெயரைக்கூடச் சரியாகக் காதில் வாங்கவில்லை. என்றாலும் தலை குனிந்து நின்றேன். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கும், நாகவல்லி. அத்தனை சத்தக்காரர்களும் ஒரே நேரத்தில் வாயை மூடுகிற இடம் அது ஒன்றுதான். எதிர்வரிசையில் ஒருவர் கண்ணை மூடியவர் பிறகு திறக்கவே இல்லை. தூங்கிவிட்டார்.

அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். கேள்வி எண்ணைச் சொன்னேன். மந்திரி எழுந்து, அறிக்கை அவைமுன் வைக்கப்படுகிறது என்று ஒரே வரியில் சொல்லி உட்கார்ந்தார். அது அங்கே மரியாதை. அதற்குப் பிறகுதான் நாம் துணைக்கேள்வி கேட்க வேண்டும். தமிழில் கேட்க முன்னாலேயே சொல்லி, கண்ணாடிக் கூண்டுக்குள் மொழிபெயர்க்க ஆள் ஏற்பாடாகி இருந்தது. கேமராவின் சிவப்பு விளக்கு என் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன்.

குக்கர்மேல் அம்மிக்குழவி வைத்த ஒரு மாமியார் கதையைத் தொடங்கினேன். விசில் சத்தம் கேட்டால் மருமகள் சமைத்துவிட்டாள் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று வைத்தாளாம். சபை சிரித்தது. தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், காதில் கருவி மாட்டியவர்கள் ஒரு மூச்சு தள்ளிச் சிரித்தார்கள். இரண்டு அலையாகச் சிரிப்பு வந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? மேடையில்கூட எனக்கு அப்படி வாய்த்ததில்லை. தூங்கினவர் எழுந்து மேஜையைத் தட்டினார். ஆகவே மாமியாருக்கு ஒரு நாத்தனாரையும் சேர்த்தேன். அவைத் தலைவர் சிரித்துக்கொண்டே, அம்மையார் கேள்விக்கு வர வேண்டும் என்றார். கேள்விக்கு வந்தபோது நேரம் இல்லை. மில்லின் பெயரைச் சொல்ல நினைத்திருந்தேன், மலையாண்டி பெயரையும். இரண்டும் நின்றுபோயின. மந்திரி, கனிவோடு பரிசீலிக்கப்படும் என்றார். அடுத்த கேள்வி காஷ்மீர் ஆப்பிளைப் பற்றி.

பன்னிரண்டு அடித்ததும் கேள்வி நேரம் முடிந்தது. ஒவ்வொரு மந்திரியாக எழுந்து காகிதங்களை மேஜைமேல் வைத்தார்கள். சாப்பாட்டு இடைவேளைக்கு மைய மண்டபம் போனேன். காபியும் டோஸ்ட்டும் அங்கே நன்றாக இருக்கும். முகம் தெரியாதவர்கள் எல்லாம் வந்து, மாமியார் கதை பிரமாதம் என்றார்கள். அங்கேதான் கட்சி ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னான். புதுவயலில் பாய்லர் வெடித்துவிட்டது. நான் பேசிக்கொண்டிருந்தபோதோ, ஆப்பிளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதோ. உமி தள்ளுகிறவனும், நெல் அவிக்கிற தொட்டியடியில் நின்ற புஷ்பவள்ளியும் ஆயியும் போய்விட்டார்கள்.

அழுதேன் என்று சொன்னால் நீ நம்புவாய். அழவில்லை. கையிலிருந்த டோஸ்ட்டைச் சாப்பிட்டு முடித்தேன். சபைக்குள் எதையும் சாப்பிடக் கூடாது.

மத்தியானம் அவசர விஷயமாகப் பேச அனுமதி கேட்டேன், உடனே கொடுத்தார்கள். காலையில் நான் கேட்டது பகலிலேயே நடந்துவிட்டதே. அந்தப் பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும். கதை சேர்க்கவில்லை, ஒன்றும் சேர்க்கவில்லை. சபை அசையவில்லை. காலையில் சிரித்தவர்கள் எல்லாம் இப்போது என்னையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் காலைப் பேச்சைவிட இதுதான் நன்றாக அமைந்தது. ஆனால் மத்தியானத்தை டிவியில் காட்டுவதில்லை.

மந்திரி எழுந்தார். அதிகாரிகள் பின்னாலிருந்து ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துப் படித்தார். முதல் தகவலின்படி, மலையாண்டி என்ற தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று. அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். எழுந்து மறுக்கலாம், அதற்கு உரிமை உண்டு. ஆனால் மறுத்தால், உறுப்பினருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதனால் எழவில்லை.

பிறகு ஒரு திருத்த மசோதா. ஆதரிப்பவர்கள் ஆம் சொல்லுங்கள் என்றார்கள், நானும் சேர்ந்து ஆம் என்றேன். எதைத் திருத்தினோம் என்று இன்றுவரை தெரியாது. சாயங்காலம் சபை மறுநாள் பதினோரு மணிவரை ஒத்திவைக்கப்பட்டது.

மோர் குடி, ஆத்தா. டம்ளரைத் தொடவே இல்லையே.

இப்போது அந்த போன். காலையில் நான் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, நாந்தேன் மலையாண்டி. பிரஷர் முள்ளு செவப்புக் கோட்டத் தாண்டிப் போயிருச்சு. ஒடம்பெல்லாம் ஒதறுது பாய்லரு. கம்பிய அவுக்கக் கூடாதுன்னு மொதலாளி நிக்காரு. தீய இழுத்துப் போட்டுட்டு எல்லாத்தையும் வெளிய கூட்டியாந்துரவாம்மா?”

அவன் என்னைக் கேட்டிருக்கவே தேவையில்லை. கேட்டான், ஏனென்றால் பொறுமையாக இருக்கச் சொன்னவள் நான்.

நான் யோசித்தேன். தீயை இழுத்தால் மில் நிற்கும். கம்பியைக் கழற்றி மறைப்பார்கள். முதலாளிக்கு டெல்லியிலும் ஆள் உண்டு, உடனே மந்திரி ஆபீசுக்குச் சேதி போய்விடும். நான் கேட்டதும் மந்திரி எழுந்து, அந்த மில் ஓடவில்லை, ஆகவே கேள்வி எழவில்லை என்பார். அங்கே அப்படி ஒரு பதில் இருக்கிறது. எவ்வளவு பெரிய கேள்வியையும் அந்த இரண்டு வார்த்தையில் உட்கார வைத்துவிடுவார்கள். என்னை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது.

“பன்னிரண்டு மணி வரைக்கும் ஓட்டுப்பா” என்றேன். “கேள்வி நேரம் முடியட்டும். அப்புறம் தீயை இழுத்துக்க.”

பூத்தைத் தாண்டி ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது. பிறகு, “நீங்க சொன்னாச் சரிதேம்மா” என்றான். வைக்கப் போனவன் மறுபடியும் கேட்டான்.

“டிவியில ஏம் பேரச் சொல்லுவீகளா?”

சொல்வேன் என்றேன். சபையில் அவன் பெயர் ஒலிக்காமல் போகவில்லை. நான் சொல்லவில்லை, மந்திரி சொன்னார்.

நீ கேட்ட ஆள் நான்தான், நாகவல்லி. உள்ளே போகச் சொன்னது நான். ஆனால் இதையும் யோசி. களத்தில் நெல் காயப்போட்டவர்கள் எல்லாம் டிவியில் என்னைப் பார்க்க ஆபீஸ் ஜன்னலுக்கு ஓடியிருந்தார்கள். மாமியார் கதை இரண்டு நிமிஷத்தில் முடிந்திருந்தால் களத்துக்குத் திரும்பியிருப்பார்கள். நான் இழுத்ததால் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு புதுவயலில் ஒரு மில் பாக்கியில்லாமல் வந்து சோதித்தார்கள். யாரால்? மூன்று பேருக்காக நீ வருந்துவது சரி. பிழைத்தவர்களுக்காக ஒருவராவது எனக்கு நன்றி சொன்னார்களா? நான் கேட்கவும் இல்லை.

மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவில்லை. சொன்னால், போய் அதிகாரியிடம் சொல் என்பார். அடுத்த மாதம் கட்சி மறுபடியும் மாநிலங்களவைக்குப் பெயர்களை அறிவிக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. மலையாண்டியே இருந்தால், நீங்க போங்கம்மா என்றுதான் சொல்வான். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், உன் மனசு ஆற வேண்டும் என்று.

சபையில் இன்னொரு வழக்கம் உண்டு, அதையும் தெரிந்துகொள். யாராவது சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டால் அவைத் தலைவர் கையை உயர்த்துவார், இது குறிப்பில் ஏறாது என்பார். அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் சொல்லப்படவில்லை. மறுநாள் அச்சில் அந்த இடத்தில் சில புள்ளிகள் இருக்கும், அவ்வளவுதான். இங்கே அவைத் தலைவர் இல்லை, ஆகவே நானே கையை உயர்த்துகிறேன். நீ கேட்டாய். நான் சொல்லவில்லை.

எங்கே எழுந்துவிட்டாய்? மோரை அப்படியே வைத்துவிட்டாயே. சரி, போய் வா, பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். குழாயடியில் பேசுகிறவர்கள் பேசட்டும், நீ மனசை விட்டுவிடாதே. சத்தியப்பிரியா நன்றாகப் படிக்கட்டும், நல்ல இடத்தில் வாழ்க்கைப்படட்டும். உன் வீட்டில் தீ ஒரு நாளும் அணையாமல், உலை ஓயாமல் கொதித்துக்கொண்டே இருக்கட்டும், ஆத்தா.