மூன்று பிகா புல்

கோழி எருவின் நாற்றம் மூன்றாம் நாள் பழகிவிடும், டாக்டர். முதல் நாள் கண்ணைக் கரிக்கும். இரண்டாம் நாள் சாம்பாரில் அந்த வாடை வரும். மூன்றாம் நாள் அது இல்லாவிட்டால்தான் எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். என் மனைவி மீனாக்ஷிக்கு மூன்று வருஷமாகியும் பழகவில்லை. என் ரப்பர் பூட்ஸை மாடிப்படியிலேயே கழற்றச் சொல்லிவிட்டாள்; ஏறி வரும்போது தடுக்கியிருக்கும், மன்னியுங்கள். உங்கள் ஜாதவ்பூரிலிருந்து எங்கள் லேக் கார்டன்ஸ் பக்கம்தான் என்றாலும் இந்தப் புழுக்கத்தில் அதுவே தூரம். ஃபேனுக்கு நேராக உட்காருங்கள், சஹானா. டாக்டர் சஹானா என்று சொல்லியிருக்க வேண்டும். என் பெண் வயது, வாய் தவறிவிட்டது.

மாடுகளைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். புல்லிலிருந்து ஆரம்பித்தால்தான் அது புரியும்.

கோசாலை என் யோசனை இல்லை, மஹாதேவனுடையது. அவனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. என்னை 'டா' போட்டுக் கூப்பிட இந்த ஊரில் மிச்சமிருக்கிற ஒரே ஆள். பேங்கிலிருந்து ரிட்டயர் ஆனதும், பால் வற்றின மாடுகளைத் தெருவில் விட்டுவிடுகிறார்களே என்று அவனுக்குத் தாங்கவில்லை. இங்கே கல்கத்தாவில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்து, சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டைத் தாண்டி மூன்று பிகா நிலம், எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு ஏக்கர், பிடித்து, பதினொரு மாடுகளைக் கொண்டுவந்து விட்டான். பார்த்துக்கொள்ள மாணிக்கத்தை வைத்தான். திண்டிவனத்துக்காரர், ஐம்பது வயது. மனிதர்களோடு பேசுவதைவிட மாடுகளோடு அதிகம் பேசுவார். நான் முப்பத்தோரு வருஷம் மண் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன். எனவே நிலத்தை என்னிடம் கொடுத்தார்கள்.

அதை நிலம் என்று சொன்னால் நிலத்துக்குக் கோபம் வரும். செங்கல் சூளைக்காரர்கள் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போன இடம். எருக்கஞ்செடிகூட யோசித்துத்தான் முளைக்கும்.

பக்கத்தில் ஆமினா பீபியின் பிராய்லர் பண்ணை இருந்தது. கோழி எச்சமும் உமியும் கலந்த எரு அங்கே மலை மாதிரி குவிந்திருந்தது. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றாள். மகா கெட்டிக்காரி. எருவைக் குவித்து மூடி ஒன்றரை மாதம் சூடேற விட வேண்டும், செத்த கோழி ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது, தூவிய பிறகு இருபத்தோரு நாள் மாட்டை உள்ளே விடக் கூடாது என்று விரல்விட்டுச் சொன்னாள். எனக்கு இதெல்லாம் முன்பே தெரியும். இருந்தாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். பெண்கள் ஒன்றைச் சொல்லும்போது குறுக்கே பேசுகிற வழக்கம் எனக்கில்லை.

கமிட்டியில் மட்டும் ஒரு சின்னக் கலவரம். "கோமாதா திங்கற புல்லுக்குக் கோழிப் பீயா?" என்று அமலா மாமி எழுந்து நின்றுவிட்டாள்.

"ஆர்கானிக், மாமி" என்றேன்.

"அப்படின்னா சரி" என்று உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு மழைக்காலம். அவ்வளவுதான் ஆயிற்று. நீங்கள் கால்நடை டாக்டர், புல்லை நீங்கள் தீனியாகத்தான் பார்த்திருப்பீர்கள். ஒரு மாலை வரப்பில் நின்று பார்த்திருக்க வேண்டும். நேப்பியர் புல் இடுப்பளவு. அதன் காலடியில் தண்ணீர்ப்புல், கையால் தடவினால் ஈரத் துணி மாதிரி. ரயிலில் போகிறவர்கள் ஜன்னலோரம் எழுந்து வந்து பார்த்தார்கள். நான் கண்ணால் கண்டேன். வாரம் ஒரு தரம் ஸ்கேல் வைத்து அளப்பேன். மீனாக்ஷி, "நம்ம பொண்ணு வளர்ந்தப்போகூட நீங்க இப்படி அளந்ததில்லையே" என்றாள். அவள் சொன்னது சரிதான். எங்கள் பெண் அவ்வளவு ஒழுங்காக வளரவில்லை.

என் திட்டம் எளிது. புல்லை அறுத்து, வெயிலில் காயவைத்து, கட்டுக் கட்டாகக் கொட்டகைக்குக் கொண்டுபோய் மாடுகளுக்குப் போடுவது. மாடுகளுக்கு வயிறு நிறையும், நிலத்துக்கு மரியாதை. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? மஹாதேவன் கேட்கவில்லை. போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாக் குடும்பங்களும் வந்திருந்தபோது, வேலிக் கதவைத் திறந்துவிட்டான்.

"புல்லு யாருக்குடா வளர்த்தே, ராகவா? தின்னட்டும்டா, பாவம். ஜன்மம் பூரா கட்டுத்தறியிலே நின்னதுகள்."

பதினொரு மாடுகளுக்கு நாற்பத்து நான்கு கால்கள், டாக்டர். அதை யாரும் யோசிப்பதில்லை. ஒரு வாய் தின்பதற்கு மூன்று வாய்ப் புல்லை மிதிக்கும். இஷ்டப்பட்ட இடத்தில் சாணி போடும். அந்த இடத்தில் புல் வெந்துபோகும். மிஷ்டி என்று ஒரு செவலை மாடு. அது புல்லைக் கடிக்காது, வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, பாதியைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். எல்லோரும் அதோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் ஒன்று அனுப்பினார்கள். பின்னால் என் நேப்பியர் சாய்ந்து கிடந்தது.

நான் கோபப்படவில்லை. கோபப்படுகிற சுபாவம் எனக்குக் கிடையாது. இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் தரம் சொன்னபோது மஹாதேவன் சிரித்துக்கொண்டே, "உனக்கு மாட்டைவிடப் புல்லுதான் ஒசத்தியாப் போச்சுடா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதான்.

வைகாசியில் அந்த வெயில் அடித்தது நினைவிருக்கும். ஆமினா பண்ணையில் ஒரே வாரத்தில் கோழிகள் குவியலாகச் செத்தன. அள்ள ஆள் கிடைக்காமல் பாதி எருவோடு எருவாகப் போய்விட்டன. நான் போனபோது அவள் ஒரு குவியலைக் காட்டி, "அண்ணா, இதைத் தொடாதீங்க. குழி தோண்டிப் புதைக்கப்போறேன். மாடு இதுல வாய் வெச்சா எழுந்திருக்காது" என்றாள். வங்காளியில் இன்னும் அழகாகச் சொன்னாள். புதைக்கிற சிரமம் உனக்கு எதற்கு, நானே அப்புறப்படுத்திவிடுகிறேன் என்றேன். உங்களுக்குப் புண்ணியம் உண்டு என்றாள்.

முதல் மழை விழுந்ததும் மாணிக்கமும் நானும் தூவினோம்.

"சார், எறகும் எலும்பும் நெறையக் கெடக்குதுங்களே."

"கால்சியம், மாணிக்கம்."

நான்காம் நாள் காலையில் மஹாதேவன் போன் செய்தான். மாடுகள் வேலியோரம் நின்று கத்துகின்றனவாம், அவனால் பார்க்க முடியவில்லையாம். "தெறக்கலாமாடா?" என்றான். திறக்கலாம் என்றேன். மாணிக்கம் போனை வாங்கி, "இருவத்தோரு நாள் ஆவலீங்களே" என்று இழுத்தார். மழைதான் கழுவிவிட்டதே என்றேன். முப்பத்தோரு வருஷம் மண்ணைப் பார்த்தவன் சொன்னால் யார் மறுப்பார்கள்?

மற்றதெல்லாம் நீங்கள் வந்து பார்த்தீர்கள். முதலில் பின்னங்கால் தள்ளாடியது. பிறகு நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ள முடியவில்லை. பிறகு படுத்துக்கொண்டன. கண் மட்டும் விழித்திருந்தது. ஆறு நாளில் ஏழு மாடுகள் போய்விட்டன. மஹாதேவன் சேற்றில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் தலையையும் மடியில் வைத்துக்கொண்டு வாயில் தண்ணீர் விட்டான். அது கடைவாய் வழியே வெளியே வந்துகொண்டிருந்தது. மாணிக்கம் ஒவ்வொரு மாட்டின் பேரையும் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். நான் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். மிஷ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குப் பார்த்து வேலியைத் தாண்டி யாரோ வீட்டுப் பூசணிக்கொடியை மேயப் போய்விட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அன்றிலிருந்து மஹாதேவன் மோர் தவிர எதுவும் சாப்பிடுவதில்லை. "நான் அவசரப்படுத்தினேன், அதான் நீ சரின்னே" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்கிறான். தினமும் சாயங்காலம் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று நான்தான் தேற்றுகிறேன். வேறு யார் இருக்கிறார்கள் அவனுக்கு?

நீங்கள் கேட்காமலே இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். நேற்று உங்கள் அறிக்கையை அவனுக்குப் படித்துக் காட்டினீர்களாம். எருவைக் கையாள்வதில் போதிய அறிவு இல்லாததால் நேர்ந்த விபத்து என்று அதில் ஒரு வரி இருக்கிறதாமே. ராத்திரி தூக்கமே வரவில்லை. எருவைப் பார்த்துக்கொண்டது நான் ஒருவன்தான். தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள். எந்தக் குவியல், அதில் என்ன இருந்தது, எத்தனை நாள் பொறுக்க வேண்டும், பொறுக்காவிட்டால் என்ன ஆகும், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து, யோசித்து, நானே செய்தது. விபத்து என்றும் போட வேண்டாம். கீழே கையெழுத்து வேண்டுமானால் போட்டுத் தருகிறேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்களே. பேனா தகராறு செய்கிறதா? என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருக்கிற நாலு மாடுகளையும் வேறு இடத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்களே எழுதிவிட்டால் நன்றாயிருக்கும். அதுகளுக்கும் அந்த இடம் மனசுக்கு ஒப்பாது. நீங்கள் ஒரு நடை சாந்த்ராகாச்சிக்குப் போய்ப் பாருங்கள். இந்த மழைக்கு நேப்பியர் தோளளவு வந்துவிட்டது. ஒரு குளம்படி கிடையாது, ஒரு சாணி கிடையாது, காற்றடித்தால் மூன்று பிகாவும் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிர்கிறது. மாடுகள் மேல் இவ்வளவு பிரியம் வைத்துப் புல் வளர்த்தவன் இந்தக் கல்கத்தாவில் வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.