நானூறு அடி

காலையில் நடப்பது உடம்புக்கு நல்லது. வெறும் வயிற்றில் நடப்பது இன்னும் நல்லது. பக்கவாதம் கண்டவர்களை நடக்கப் பழக்கும் இயன்முறை மருத்துவப் பணியில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்த நான், இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கேட்பது ஆறாம் கட்டிலைப் பற்றி. சொல்லுகிறேன்.

எங்கள் கூடத்தில் இருபத்திரண்டு கட்டில்கள். முன்பு இருவர் இருந்தோம். பிறகு அரசாணையின்படி, கணுக்காலில் கட்டும் மெல்லிய பட்டை வந்தது. அது அடிகளை எண்ணித் தானே தலைமையகத்துக்கு அனுப்பிவிடும். இயந்திரம் இருக்கையில் இன்னோர் ஆள் எதற்கு என்று மற்றவரை நீக்கிவிட்டார்கள். பட்டை எண்ணும், தோள் கொடுக்காது. மூன்று நாள் தொடர்ந்து ஓரடியும் பதியாவிட்டால், முன்னேற்றமில்லை என்று சிகிச்சை தானாகவே நின்றுபோகும். மேலிடத்துக்கு இருமுறை எழுதினேன். "தங்கள் கருத்து பெறப்பட்டது" என்று இயந்திரமே பதில் போட்டது.

ஆறாம் கட்டில் பெரியவருக்கு இரண்டு நாள் பூச்சியம். மூன்றாம் நாளும் மற்றவர்களைப் பார்த்து முடித்து அவரிடம் போக எனக்கு நேரமில்லை. ஆகவே அவருடைய பட்டையை என் காலில் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தேன். இரக்கந்தான். அடுத்த வாரம் என் கால்களில் பதினொரு பட்டைகள் இருந்தன. கால்சட்டைக்குள் இருந்ததால் வெளியே தெரியவில்லை.

ஒரு நாள் பெரியவருடைய மகள், கட்டிலருகே அடிக்கணக்கு காட்டும் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சார், நானூறு அடின்னு காட்டுது. அப்பா எழுந்திரிக்கவே இல்லைங்கிறாரே?"

"யாரும்மா நடந்தது, என் ஆவியா?" என்றார் பெரியவர்.

"வயசாச்சுல்லம்மா, மறதி. காலையில என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாரே" என்றேன்.

மகள் தகப்பனாரின் கையைத் தடவினார். "விடுங்கப்பா. மெஷின் பொய் சொல்லுமா?"

பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நடந்திருப்பேன் போல" என்றார்.

பட்டை என் காலுக்கு வந்த பத்தாம் நாள் இயந்திரம் அவரைத் தாமே நடக்கவல்லவர் என்று தீர்மானித்து வீட்டுக்கு அனுப்பியது. நடந்தவன் நான் என்று சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம். ஆனால் மற்றப் பத்துப் பேரின் சிகிச்சையும் நின்றிருக்கும். அவருடைய சக்கர நாற்காலியை வாசல்வரை நானே தள்ளினேன்.

மறுநாள் வீட்டில், மகள் தடுக்கத் தடுக்க, "நானூறு அடி நடந்தவனுக்கு நாலடி எம்மாத்திரம்?" என்று கட்டிலை விட்டு எழுந்தாராம். தலை தரையில் மோதியது. மாலைக்குள் உயிர் பிரிந்தது.

பட்டையைக் கட்டியவன் நான். பொய் சொன்னவனும் நானே. எதையும் மறுக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: அவருடைய பட்டை என் காலில் இருந்தவரை, அவர் ஒருமுறைகூட விழுந்ததில்லை.