ஏழு வயதில் நான் எடுத்ததாகச் சொல்லப்படும் எரிவாயு இணைப்பு

பென்சில்வேனியா மாநிலம், டனிங்டன் நகரக் காவல் நிலையத்தில், பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை பிற்பகலில், சார்ஜென்ட் ஒவீடோ கேட்க, கெல்சி டன்லப் சொல்லியது:

என் பெயர் கெல்சி டன்லப். வயது இருபத்து மூன்று. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். விலாசம் என்று கேட்டால், மேப்பிள் தெருவில் என் சிநேகிதி டோரி வீட்டின் அடித்தளத்தில் கிடக்கும் ஒரு சோபாதான் என் விலாசம். இப்போது எனக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என் தாயார் டார்லா டன்லப், வயது ஐம்பத்தொன்று. அவள் குறுக்கே குறுக்கே பேசுவாள், அதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். விஷயத்துக்குச் சம்பந்தமாக இருந்தால் எழுதத்தான் வேண்டும் என்று சார்ஜென்ட் சொன்னார். சரி என்றேன்.

போன கோடையில் சர்க்கரை நோயால் என் அம்மாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவள் இருந்த வீடு மாடியில், லிஃப்ட் கிடையாது. ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். படிக்கட்டு இல்லாத வீடும் இரவில் துணைக்கு ஓர் ஆளும் இருந்தால் அனுப்பிவிடுவோம் என்று இல்லத்தார் சொன்னார்கள். ஆள் நான் இருக்கிறேன். வீடு இல்லை. அதன் பிறகு, காப்பீடு முடிகிறது, மாதக் கடைசியில் அவளை இரண்டு மணி நேர தூரத்தில் உள்ள வேறொரு இல்லத்துக்கு மாற்றப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். காலையும் மாலையும் பேருந்து ஓட்டுகிற நான் அங்கே எப்போது போய்ப் பார்ப்பேன் என்று கேட்டேன்.

அதன் பிறகு வீடு தேடினேன். ஒவ்வோர் இடத்திலும் விண்ணப்பத்துக்குப் பணம் கட்ட வேண்டும், வீடு கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. என் வயதுக்காரர்களைக் கண்டாலே வீட்டுக்காரர்களுக்கு முகம் மாறிவிடுகிறது. பாட்டுப் போடுவாய், ஆட்களைக் கூட்டுவாய், உன் அப்பா அம்மாவை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல் என்கிறார்கள். அம்மாவைக் கூட்டி வரத்தான் வீடே தேடுகிறேன் என்றால், நல்லது, அப்படியானால் அவரே கையெழுத்துப் போடட்டும் என்கிறார்கள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரிலிருந்து 'மன்னிக்கவும்' என்று ஒரு வரி வரும். காரணம் கேட்டால், விண்ணப்பிக்கிறவர்களின் கடன் கணக்கைச் சோதித்துச் சொல்கிற கம்பெனியைக் கேள் என்பார்கள். கம்பெனியில் போனை எடுப்பது ஒரு இயந்திரம்.

இதை அப்படியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேருந்து ஓட்ட வேலைக்கு எடுக்கும்போது மாநில அரசு என் பத்து விரலின் ரேகையையும் எடுத்தது, சிறுநீரைச் சோதித்தது, நான் எங்கேயாவது சிவப்பு விளக்கைத் தாண்டியிருக்கிறேனா என்று பார்த்தது. பனி உறைந்த மேட்டில் ஒரு பேருந்து நிறைய ஊரார் பிள்ளைகளை என்னிடம் நம்பி விடுகிறார்கள். இரண்டு அறையையும் ஒரு அடுப்பையும் நம்பிக் கொடுக்க மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

இப்படி நொந்து நூலான நிலையில், ஜனவரியில் லெஸ்டர் கிரேபில் என்பவரின் வீட்டைப் பார்த்தேன். தரைத்தளம். முன்பு குடியிருந்தவருக்காக வாசலில் மரத்தால் சரிவுப்பாதை போட்டிருந்தார், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருந்தது. திரு. கிரேபில் வழியனுப்ப வருவதுபோல என் கார் வரைக்கும் கூடவே வந்து பின் சீட்டை எட்டிப் பார்த்தார். காரைக் குப்பையாக வைத்திருப்பவள் வீட்டையும் அப்படித்தான் வைப்பாள் என்று பார்க்கிற வழக்கம் இங்கே வீட்டுக்காரர்களுக்கு உண்டு, அது எனக்கும் தெரியும், முந்தின நாளே துடைத்து வைத்திருந்தேன். மடித்து வைத்த சக்கர நாற்காலியைப் பார்த்து யாருக்கு என்று கேட்டார். அம்மாவுக்கு என்றேன். தலையை ஆட்டி, நல்ல பிள்ளை என்றார். எனக்கு அப்போதே வீடு கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அதன் பிறகு சென்ற வாரம் அவர் என்னைத் தன் சமையலறைக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்து, சோதனைக் கம்பெனி அனுப்பியதைக் காட்டினார். கடனை ஒழுங்காகக் கட்டுகிறேனா என்று போடுகிற மதிப்பெண், கிரெடிட் ஸ்கோர், அடிமட்டத்தில் இருந்தது. காரணம், கட்டாமல் விட்ட ஓர் எரிவாயு பாக்கி. அதை ஒரு வசூல் கம்பெனி இன்னொன்றுக்கு விற்று, அது வேறொன்றுக்கு விற்று, விற்கும்போதெல்லாம் தேதியைப் புதிதாக்கியிருந்தார்கள். எனக்கு வயது ஏற ஏற அந்தக் கடனுக்கு இறங்கிக்கொண்டு வந்திருக்கிறது. இணைப்பு எடுத்த வருடத்தைப் பார்த்தேன். அப்போது நான் இரண்டாம் வகுப்பு.

திரு. கிரேபில் சொன்னது: "ஏழு வயசுல கேஸ் கனெக்‌ஷன் எடுத்திருக்கியேம்மா. அந்த வயசுல எனக்குச் சைக்கிள்கூடக் கிடையாது." அதன் பிறகு, பிறந்ததும் அரசு கொடுக்கிற உன் அடையாள எண்ணை யாரோ திருடியிருக்கிறார்கள், போலீசில் புகார் கொடுத்து அதன் நகலைக் கொண்டு வா, அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் வீட்டை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றார். கிளம்பும்போது இதையும் சொன்னார்: "யாரு பண்ணாங்கன்னு பேரோட இருக்கணும். ஆளை நம்பி வீடு குடுத்து நான் நல்லாப் பட்டவன். அந்தத் திருட்டு ஆளு மட்டும் என் வாசல்ல கால் வைக்கக் கூடாது." நான் காபியைக் குடித்து முடித்தேன். யார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

திங்களன்று இந்த நிலையத்துக்கு வந்தேன். முகப்பில் இருந்தவர் இது எரிவாயுக் கம்பெனியின் விஷயம் என்று அனுப்பிவிட்டார். எரிவாயுக் கம்பெனியில், எங்களிடம் கடன் இல்லை, விற்றுவிட்டோம் என்றார்கள். வசூல் கம்பெனியில், போலீஸ் புகார் இல்லாமல் பேச முடியாது என்றார்கள். செவ்வாயன்று மறுபடி இங்கே வந்தேன். குடும்பத்துக்குள் நடந்தது போலத் தெரிகிறது, வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆளுக்கு ஆள் என்னைப் பந்தாடினார்கள். பேசித் தீர்க்க எனக்கு வீடு வேண்டுமே என்றேன். அன்றைக்குச் சத்தம் போட்டது உண்மை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சார்ஜென்ட் ஒவீடோ உள்ளிருந்து வந்து, வியாழக்கிழமை வாருங்கள், நானே எழுதிக்கொள்கிறேன் என்றார்.

அன்று மாலை பேருந்தை விட்டுவிட்டு இல்லத்துக்குப் போனேன். அம்மா கட்டிலில் சாய்ந்து புட்டிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். மறுக்கவில்லை. "ஆமாடி, நான்தான்" என்றாள், ஏதோ காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டேன் என்பதுபோல. அந்த வருடம் டிசம்பரில் வீட்டைச் சூடாக்குகிற எரிவாயுவை வெட்டிவிட்டார்கள், அவள் பெயரில் ஏற்கெனவே பாக்கி, அப்பா பெயரை அவர் எங்களை விட்டுப் போகும்போது தன்னோடு கொண்டுபோய்விட்டார். எங்கள் தெருவில் எல்லோரும் இதைச் செய்தார்கள் என்றாள். எதிர் வீட்டில் கைக்குழந்தை பெயரில் கேபிள் டிவி இருந்ததாம். "வீட்டுல கெடாத பேரு உன்னோடது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு" என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "ரெண்டாங்கிளாஸ் புள்ளகிட்ட என்னத்தச் சொல்ல?" என்றாள். நான் வளர்ந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றேன். புட்டிங் கிண்ணத்தையே சுரண்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைக்கவில்லை. கட்டின விண்ணப்பப் பணமெல்லாம், கேட்ட 'மன்னிக்கவும்' எல்லாம், சோபாவில் தூங்கிப் பிடித்த கழுத்து, எல்லாம் இவள் வேலை. கத்தினேன். பக்கத்துக் கட்டில் பாட்டி டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அதன் பிறகு திரு. கிரேபில் சொன்னதைச் சொன்னேன். பெயரைச் சொன்னால் என் பெயர் சுத்தமாகும், வீடு கிடைக்கும். ஆனால் அந்தப் பெயருக்குரியவள் அந்த வீட்டு வாசலில் கால் வைக்க முடியாது. "எனக்கு இருக்கறதே ஒரு காலுதான், அதை வைக்கக் கூடாதுங்கறானா" என்று அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, பெக் சித்தி பெயரைச் சொல் என்றாள். பெக் சித்தி அவள் தங்கை, இறந்து நாலு வருடம் ஆகிறது. "அவ எதுவும் சொல்ல மாட்டா. அவளுக்கு என்ன வீடா வேணும்?" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே வந்து காரில் உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் இன்னொருத்தி பெயர். செத்தவளைக்கூட விடுவதாயில்லை.

இன்று அவளே வருவேன் என்று அடம் பிடித்ததால் இல்லத்தில் அனுமதி வாங்கிக் கூட்டி வந்தேன். வழியில் பெக் சித்தி பெயரை இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள்.

சார்ஜென்ட் என்னிடம், என் எண்ணைப் பயன்படுத்தியவர் யார் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும், என் தாயார் டார்லா டன்லப் என்று சொன்னேன். அம்மா மடியில் இருந்த கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் ஆகிவிட்டதால் இனி அவர் மேல் வழக்குப் போட மாட்டார்கள், ஆனால் பெயர் இந்தத் தாளில் இருக்கும் என்று சார்ஜென்ட் விளக்கினார். இருக்கட்டும் என்றேன்.

அதன் பிறகு புகாரில் அச்சடித்திருந்த ஒரு வரியை அவர் வாசித்தார். இந்த மோசடியின் மூலம் நான் பணமோ பொருளோ சேவையோ வேறெந்தப் பயனோ பெறவில்லை என்று உறுதி கூற வேண்டும் என்பது அந்த வரி. அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அம்மா சொன்னது: "இல்லைன்னு சொல்லேன்டி. வாய் வலிக்குதா?"

அந்த டிசம்பரில் எரிவாயு இல்லாத நாட்களில் நாங்கள் கோட்டோடு படுத்தோம். அம்மா மின்சார வாணலியில் தண்ணீர் காய்ச்சி என் பாதத்தைக் கழுவிவிடுவாள். அதன் பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு சூடாக இருந்தது. தரையில் சூடான காற்று வருகிற இரும்புச் சல்லடையின் மேல் இரவு உடுப்போடு நின்றேன். காற்று புகுந்து உடுப்பு பலூன் மாதிரி உப்பியது. அம்மா சிரித்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேதான் நின்றேன், அங்கேயே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன். ஆகவே, பயன் பெற்றேன் என்று எழுதச் சொன்னேன்.

அப்படி எழுதினால் வசூல் கம்பெனி இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு புகாரைத் தள்ளிவிடலாம், வீடும் போகலாம் என்று சார்ஜென்ட் எனக்கு எடுத்துச் சொன்னார். அம்மா மேஜையைத் தட்டினாள். "முட்டாளே, ஒரு பொய்யிலே வீடு கெடைக்குது. நான் உனக்காக எத்தனை சொன்னேன்" என்றாள். எனக்கு விளங்கியது, விளங்கியேதான் சொல்கிறேன். என்னைக் கேட்காமல் என் பெயரை எடுத்தாள், அதனால் எனக்கு இன்றைக்கு இருக்க இடமில்லை. அந்தப் பெயரால் வந்த சூட்டில்தான் நான் வளர்ந்தேன். இரண்டையும் எழுதுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லித்தான் வீடு வாங்க வேண்டும் என்றால் அது என்னால் ஆகாது.

இதன் நகலை நாளை திரு. கிரேபில் வாசிப்பார். ஆகவே இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் வாசலில் கால் வைக்கக் கூடாது என்று நீங்கள் சொன்ன ஆளும், என் காரில் நீங்கள் பார்த்த நாற்காலியில் உட்காருகிற ஆளும் ஒருவரே. அவளோடு குடியிருக்கத்தான் வீடு கேட்கிறேன். முடியாது என்றால் கம்ப்யூட்டர் வழியாகச் சொல்லாமல், அதே சமையலறையில் எங்கள் இருவரையும் உட்காரவைத்து முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நான் சொன்னபடியே எழுதியிருப்பதை வாசிக்கக் கேட்டேன். கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை, எல்லாம் நடந்தது. அம்மா தானும் கையெழுத்திட வேண்டும் என்றாள். அவசியமில்லை, முதலில் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சார்ஜென்ட் சொல்லியும் பேனாவைக் கேட்டு வாங்கினாள். யார் பெயரை எழுதுகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

(ஒப்பம்) கெல்சி டன்லப்

(ஒப்பம்) டார்லா ஜீன் டன்லப்