இடது பக்கம் பள்ளம்

திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது. முந்தின நாள் சோலைக்காட்டுக்குள் அவள் கூட்டிப்போன குடும்பங்கள் இலைச்சாறால் வரைந்த அட்டைகளை ஜூலியட் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் இலைச்சாறு.

“ஹலோ... ஆமாங்க, ஜூலியட்தான்... ஒட்டன்சத்திரமா? ஆ, பாண்டியம்மாக்கா! வீட்டுக்கு வெரசாப் போய்ச் சேந்தீங்களா?... அண்ணன் மண்டிக்குக் கெளம்பலயா?... விடிஞ்சதுலேருந்து உக்காந்தே கெடக்காங்களா. மலை ஏறுன அலுப்பா இருக்கும்க்கா...

“அட்டையா? பத்திரமா இருக்கு... ஆமா, ஆமா. நடுப்புள்ளி நீங்க. கண்ணக் கட்டி உக்காந்தப்ப எந்தப் பக்கம் சத்தம் கேட்டுச்சோ, அந்தப் பக்கம் வரைஞ்சிருப்பீங்க... என்ன சத்தம்?... காலடியா?”

கையிலிருந்த கிளிப்பைக் கீழே வைத்தாள்.

“ம்... ம்... ஒரு கால ஊனி, ஒரு கால இழுத்து... அக்கா, அழாதீங்க... உங்க பையன் கோகுல் அப்படித்தான் நடப்பானா?... தெரியும்க்கா, சாப்புடறப்ப சொன்னீங்கள்ல. அவன் தவறி, ஆடி வந்தா ஒரு வருசம்னு... அண்ணன் என்ன சொல்றாங்க?... காத்தத் தவிர ஒண்ணும் கேக்கலன்னாங்களா?... உங்களுக்குப் புத்தி பெரண்டுபோச்சுன்னா சொன்னாங்க?...

“இங்க ரூமா? எதுக்குக்கா?... தனியாவா? வீட்ட விட்டுட்டு வந்து தெனமும் அந்தக் காட்டுல போய் உக்காருவீங்களா?... இருங்க. இருங்கக்கா. நான் சொல்றதக் கேளுங்க.”

டவுனிலிருந்து வருகிறவர்களுக்குச் சோலையின் அமைதி பிடிபடாது. இரண்டு நிமிடத்தில் நெளிவார்கள். வெறும் அட்டையோடு திரும்பினால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். அதனால் எல்லோர் கண்ணும் கட்டியிருக்கும்போது ஜூலியட் சருகின் மேல் நாலு எட்டு நடப்பாள். ஒரு குச்சியை ஒடிப்பாள். மூன்று வருடப் பழக்கம். யாரிடமும் சொன்னதில்லை.

“அக்கா, அங்க நடந்தது நான்... நான்தாங்க்கா. எல்லாருக்கும் எதாச்சும் கேக்கட்டுமேன்னு... சத்தியமா நான்தான்... திட்டுங்க. திட்டுங்கக்கா. தப்புதான்...

“எங்கயா? உங்களுக்கு வலது பக்கம், அந்த நாவ மரத்தடியில... இடதா? இல்லக்கா, அங்க எப்படி? அண்ணன் உக்காந்திருந்தாங்க, அவங்களத் தாண்டுனா பள்ளம். கயிறு கட்டிக் கெடந்துச்சே... அட்டையத் தலகீழாப் புடிச்சிருப்பீங்க... சரி, சரி, பாக்குறேன்.”

பாண்டியம்மாளின் அட்டையில் பெயர் மேலேதான் இருந்தது. வலது பக்கம் நாலு பொட்டு, ஒரு கீறல். ஜூலியட்டின் நாலு எட்டு, ஒடித்த குச்சி. எல்லாம் சரியாக இருந்தது.

இடது பக்கம் ஒரு பொட்டு, ஒரு இழுப்பு. ஒரு பொட்டு, ஒரு இழுப்பு. விளிம்பிலிருந்து உள்ளே வந்து, பாதியில் நின்றுவிட்டது.

“...இருக்கேன்க்கா. வலது பக்கமும் போட்டிருக்கீங்க. அது நான்... இடது பக்கமா?... காட்டுமாடா இருக்குமோ... இல்ல, அந்தச் சரிவுல மாடு நிக்காது. தெரியலக்கா.”

அடுத்தது பாண்டியம்மாளின் கணவர் தண்டாயுதபாணியின் அட்டை. நாலாக மடித்துக் கொடுத்திருந்தார். சாறு காய்ந்து ஒட்டிக் கிடந்தது. நகத்தால் நெம்பிப் பிரித்தாள்.

அதில் காற்று இல்லை. பறவை இல்லை. இடது பக்கம் மட்டும் சின்னச் சின்னச் செருப்புகள். ஒன்று நேராக, ஒன்று கோணலாக. மறுபடி நேராக, கோணலாக. கடைசிச் செருப்பு நடுப்புள்ளியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

“ஒண்ணுமில்லக்கா... ஒண்ணுமில்ல. அண்ணன்கிட்ட போனக் குடுங்க... ஸ்பீக்கர் வேணாம். அவங்க கையில குடுங்க...

“அண்ணே, நான் ஜூலியட்... சோலி கெடக்கட்டும்ணே. ஒரு நிமிசம்... காத்து மட்டுந்தான் கேட்டுச்சுன்னு சொன்னீங்களாமே... ம்... அண்ணே, உங்க அட்டையப் பிரிச்சுட்டேன்.”

மண்டியில் நூறு பேர் நடுவே ஏலம் கூவுகிற மனிதர், அதை மறுபடி மடித்துவைக்கும்படி கிசுகிசுத்தார்.

“அக்கா இங்க ரூம் பாக்கச் சொல்றாங்கண்ணே. தனியா வந்து உக்காரப்போறாங்களாம்... அண்ணே?... பக்கத்துலதான நிக்கிறாங்க. உங்களுக்கும் கேட்டுச்சுன்னு நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”