டவுன்ஹாலின் முன்வாசல்

சித்தூரிலிருந்து எருத்தேன்பதி போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், மடியில் ஒரு காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த இளம்பெண்ணிடம் திடீரென்று சொன்னார்:

“என்ற தலைமேலதான் ஏறிப் போனது அந்தச் சித்தூரு டவுன்ஹாலு, அம்மணி.”

“அதெப்படிங்கக்கா?”

“கட்டறப்ப நான் சித்தாளு. வாசல் வளைவுக்குக் கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைச்ச சுண்ணாம்பை நாந்தான் சாரத்துல ஏத்துனேன். ஆளுசரத்துக்குச் சன்னலு, தேக்குல மச்சு, அப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டுனாங்க. தரை போட்டு முடிஞ்சதும் மேஸ்திரி, ‘சேத்துக்காலோட உள்ள வராதே’ன்னுட்டாரு. அப்பறம் நான் உள்ள போனதே இல்லை.”

“இன்னைக்குப் போனீங்களா?”

“முன்வாசல்லயே போனேன். மேடைக்குக் கூப்பிட்டு, குடியிருக்கற எடம் எனக்கே சொந்தம்னு இந்தப் பட்டயம் குடுத்தாங்க. இனி எடத்துக்காரரு காலி பண்ணுன்னு மெரட்ட முடியாது. வரும்போது அந்த வளைவை நின்னு அண்ணாந்து பார்த்தேன் அம்மணி. ஒரு விரிசல் இல்லை!”

கண்டக்டர் வந்து, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். அந்த அம்மாள் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“என்ற சொந்த ஊட்டு முன்னால நிறுத்துங்க!”